இரண்டு ஊரும் வேண்டாமென்ற குவாரி

குப்பை கொட்டுவதில் நாய்க்காரம்மா ஒரு முறை வைத்திருந்தாள். ஒரு வாரம் பையைத் தூக்கிக்கொண்டு மேற்கே நடந்து, மேற்கு ஊரின் கடைசித் தொட்டியில் போடுவாள். மறு வாரம் கிழக்கே நடந்து, கிழக்கு ஊரின் கடைசித் தொட்டியில் போடுவாள். வாசலில் இறங்கியதும் பையும் கையுமாக ஒரு கணம் நின்று, போன தடவை எந்தப் பக்கம் போனோம் என்று யோசிப்பாள். கிழக்குத் தொட்டி தூரம். மழை நாளில் வழியெல்லாம் சேறு. இருந்தாலும் முறையை மாற்ற மாட்டாள். வருஷக்கணக்காக இதைப் பார்த்துக்கொண்டிருந்த அவள் தம்பி, பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டே விட்டான்.

"ஏன்க்கா, கிட்ட இருக்கிற தொட்டியில போட்டா என்ன? குப்பைக்குக்கூடவா முறை வெச்சுக்கிட்டு அலையணும்?"

"எப்பவும் ஒரே தொட்டியில போட்டா, யாரு இவன்னு அந்த ஊர்க்காரங்க கேப்பாங்கடா. மாத்தி மாத்திப் போட்டா, பக்கத்து ஊர்க்காரி ஏதோ போற வழியில போட்டுட்டுப் போறான்னு ரெண்டு ஊரும் விட்டுடும்."

அவள் கணக்கு சரிதான். அவள் வீடு இரண்டு ஊர்களுக்கும் நடுவில், எந்த ஊரிலும் சேராமல் நின்றது. அந்த இடத்துக்கு நடுவாந்தரம் என்றே பேராகிவிட்டது. அங்கே இருந்தவை இரண்டுதான்: கைவிடப்பட்ட ஒரு கல் குவாரி, அதன் வாயில் ஒட்டிக்கொண்டிருந்த அவள் வீடு.

ஒரு வீடு எப்படி ஊரில்லாமல் போகும் என்று கேட்டால், அதற்குக் காரணம் துடைப்பம்தான். இரண்டு ஊரையும் இணைக்கிற சாலையில், எல்லை தெரிவதற்காக ஆளுக்கொரு கல் நட்டிருந்தார்கள், முதுகோடு முதுகு ஒட்டினாற்போல. குவாரி ஓடிக்கொண்டிருந்த காலத்தில் லாரிகள் அந்த இடத்தில் சிந்திய ஜல்லியும் தூசியும் கொஞ்சநஞ்சமல்ல. பெருக்கிப் பெருக்கி இடுப்பொடிந்த மேற்கு ஊர்ப் பணியாளர், ஒருநாள் தன் ஊர்க் கல்லைப் பிடுங்கி நாலடி பின்னால் நட்டார். கிழக்கு ஊர்ப் பணியாளரும் மனுஷர்தானே? அவரும் தன் கல்லை நாலடி பின்னால் கொண்டுபோனார். அவர்களுக்குப் பின் வந்தவர்களும் அந்த வழக்கத்தை விடவில்லை. மேலதிகாரிகள் வந்தால் அவரவர் ஊர்க் கல் வரைக்கும்தான் வருவார்கள். கல்லைத் தாண்டி எட்டிப் பார்ப்பது அடுத்த ஊர் விவகாரத்தில் தலையிடுவது ஆகிவிடும் அல்லவா? இப்படியே இரண்டு கல்லும் கோபித்துக்கொண்ட சம்பந்திகளைப் போல விலகி விலகி, ஒரு பக்கம் நின்று கூப்பிட்டால் மறுபக்கம் கேட்காத தூரத்துக்குப் போய்விட்டன.

குவாரி மூடிய பிறகு இந்த ஏற்பாடு நகராட்சிகளுக்கு இன்னும் பிடித்துப்போனது. பள்ளத்தில் தண்ணீர் தேங்கிக் கொசு வருகிறது என்று யாராவது புகார் சொன்னால், "எங்க கல்லுக்கு அந்தப் பக்கம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம்.

நாய்க்காரம்மா அங்கே வந்தது குவாரி லாரி ஓட்டியவரின் மனைவியாக. குவாரி மூடியதும் அவர் லாரி ஓடும் ஊரைத் தேடிப் போனார்; லாரியோடு இன்னொரு குடும்பமும் அங்கே கிடைத்துவிட்டதாகக் கேள்வி. அவள் அழவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் உட்கார்ந்து அழ நேரமில்லை, அவர் விட்டுவிட்டுப் போன நாய்க்கு வேளாவேளைக்குப் பசித்தது. அந்த நாய் நன்றாக வளர்வதைப் பார்த்த, கணக்கு முடிக்கத் தங்கியிருந்த குவாரி மேலாளர், ஊருக்குப் போகும்போது தன் நாயையும் விட்டுப் போனார். அவர் சொல்லி இன்னொருவர், அவர் சொல்லி இன்னும் நாலு பேர். இரண்டு ஊரிலும் வெளியூர் போகிறவர்கள் எல்லாரும் நாள் கணக்கில் காசு கொடுத்து நாயை நாய்க்காரம்மாவிடம் விட்டுப்போவது என்றாகிவிட்டது.

முன்னறையில் பெரிய நாய்கள், சமையலறையை ஒட்டிய தாழ்வாரத்தில் சின்ன நாய்கள், பின்பக்கம் குவாரியின் பழைய கொட்டகையில் யாரோடும் ஒத்துப்போகாத நாய்கள். ஒவ்வொன்றுக்கும் அதன் வீட்டுக்காரர் உடுத்திய பழைய துணி ஒன்றை வாங்கிப் படுக்கையில் போட்டுவிடுவாள். அவளுக்கு மனிதர்களோடு பேச்சு அதிகம் வராது. யாராவது வந்தால் கதவின் பாதி மறைவில் நின்றுதான் பேசுவாள். ஆனால் நாயைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள். மேற்கு ஊர் நகராட்சித் தலைவர் பேருந்து முதலாளி, ஆறடி ஆள், குரல் நாலு தெருவுக்குக் கேட்கும். அவருடைய நாயும் கன்றுக்குட்டி உயரம். தன் தட்டு தரையில் பட்டுச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில் போய்ப் புகுந்துகொள்ளும். கிழக்கு ஊர்த் தலைவி ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவருடைய நாய் உள்ளங்கையில் அடங்கும். மற்ற நாய்களெல்லாம் அதற்கு வழிவிட்டுச் சுவரோரம் நிற்கும்.

இதில் ஒரே ஒரு சிக்கல் இருந்தது. ஒரு வீட்டில் நாலு நாய்க்குமேல் வைத்திருக்கக் கூடாது என்று இரண்டு நகராட்சியிலும் விதி உண்டு. அவளிடமோ எந்நேரமும் பத்துப் பன்னிரண்டு இருக்கும். மேற்கு ஊர்ச் சுகாதார ஆய்வாளர் வந்து கதவைத் தட்டினால், "இது கிழக்கு ஊருங்க" என்பாள். கிழக்கு ஊர் ஆய்வாளர் வந்தால், "இது மேற்கு ஊருங்க" என்பாள். அவர்களும் போய்க் கல்லைப் பார்த்துவிட்டு, "ஆமாம்" என்று திரும்பிவிடுவார்கள். அவர்கள் நாயும் எப்போதாவது அவளிடம் வரவேண்டியதுதானே.

ஒருநாள் காலையில் முழங்கால் வரை பூட்ஸ் போட்ட ஒருவர் வந்தார். குவாரியை மேலும் கீழும் பார்த்தார், பாறையைத் தட்டினார், பிறகு அவள் கதவைத் தட்டினார்.

"அம்மா, இந்த இடம் எந்த ஊர் எல்லையில வருது?"

நாய்க்காரம்மா கதவிடுக்கில் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். புது ஆய்வாளர் போலிருக்கிறது.

"நீங்க எங்கேருந்து வர்றீங்க?"

"தலைநகர்லேருந்து."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மேற்கிலிருந்து வந்தால் ஒரு பதில், கிழக்கிலிருந்து வந்தால் ஒரு பதில் என்று இரண்டுதான் கைவசம் இருந்தன. மூன்றாவது திசையிலிருந்தும் ஆள் வரக்கூடும் என்று அவள் நினைத்ததே இல்லை. உள்ளே ஒன்பது நாய்கள். அதில் ஒன்று குரைத்தே விட்டது.

"அப்படின்னா… ரெண்டுமே இல்லீங்க" என்றாள்.

"ரெண்டுமே இல்லையா? நிச்சயமாத் தெரியுமா?"

"சந்தேகம்னா கல்லு ரெண்டையும் போய்ப் பாருங்க."

அவர் போய்ப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்து திரும்பி வந்தார். தேநீர் கொடுத்தாள், குடித்தார். நன்றி சொல்லிவிட்டுப் போனார். நாய்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைநகர் ஆளையே மடக்கிவிட்டோம் என்று அவளுக்குத் தன்மேலேயே ஒரு மரியாதை வந்தது. அன்றைக்கு நாய்களுக்கு இரண்டு கரண்டி கூடுதலாக விழுந்தது.

அந்தப் பெருமை சில வாரம்தான் நிலைத்தது. அவள் தம்பி மேற்கு ஊரில் செருப்புக் கடை வைத்திருந்தான், நகராட்சி உறுப்பினரும்கூட. அவன் ஒருநாள் கடையைப் பாதியில் சாத்திவிட்டு ஓடிவந்தான்.

"அக்கா, உன்கிட்ட வந்தாரே பூட்ஸ்காரர், அவர் யாரு தெரியுமா? அணுக்கழிவு ஆணையத்து அதிகாரி."

"நாய் ஆளு இல்லையா?"

"நாயும் இல்ல நரியும் இல்ல. அணு உலையில எரிஞ்சு முடிஞ்ச பிறகும் சூடு அடங்காத மிச்சம் இருக்குல்ல, அதைப் பாறைக்குள்ள ஆழமா வெச்சு மூட இடம் தேடறாங்க. குவாரிப் பாறை பிடிச்சுப்போச்சாம். மனுஷங்க மறந்துபோற காலம் வரைக்கும் அது உள்ளேயே இருக்கணுமாம்."

"மறந்துபோறதுக்குப் பாறை எதுக்குடா? ரெண்டு நகராட்சிகிட்டயும் குடுத்தாலே போதுமே."

"விளையாடாதக்கா. உன் பின்சுவரை ஒட்டித்தான் சோதனைத் துளை போடப்போறாங்க. ராத்திரி பகலா, மாசக்கணக்குல. பாறை நல்லா இருந்தா அப்புறம் சுத்தி வேலி. வேலிக்கு உள்ள உன் வீடு."

நாய்க்காரம்மா பின்சுவரைத் திரும்பிப் பார்த்தாள். கதிரியக்கம் என்பது அவளுக்குக் கண்ணால் பார்க்காத சமாசாரம். அதற்குப் பயப்படலாமா கூடாதா என்றே தெரியவில்லை. துளையிடும் இயந்திரம் அப்படியல்ல. குவாரி நாட்களில் கேட்ட சத்தம்தான். எங்கோ ஒரு பட்டாசு வெடித்தாலே தாழ்வாரத்து நாயெல்லாம் நடுங்கி மூத்திரம் விட்டுவிடும். மாசக்கணக்கில் அந்தச் சத்தம் கேட்டால் எவர் இங்கே நாயை விடுவார்? நாய் வராவிட்டால் இந்த வீட்டில் அவளுக்கு என்ன வேலை? வேலி வந்துவிட்டால் வீடும் இல்லை.

"உங்க நகராட்சி என்ன சொல்லிச்சு?"

தம்பி தரையைப் பார்த்தான். "ஆணையம் ரெண்டு ஊரையும் கேட்டுச்சு, குவாரி உங்க எல்லையான்னு. இல்லைன்னு தீர்மானம் போட்டுட்டோம். கிழக்கு ஊர்லயும் அதே மாதிரி போட்டுட்டாங்க."

"நீயுமாடா கை தூக்கின?"

"எல்லாரும் தூக்கினாங்கக்கா. நான் மட்டும் கீழ வெச்சிருந்தா எல்லாரும் என்னையில்ல பார்ப்பாங்க."

அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. குவாரி எங்களுடையது என்று சொன்னால், அடுத்து 'வேண்டும்' என்றோ 'வேண்டாம்' என்றோ சொல்ல வேண்டிவரும். வேண்டும் என்றால் பாதி ஊர் அடிக்க வரும். வேண்டாம் என்றால் வேலை கிடைக்கும் என்று காத்திருக்கிற மீதிப் பாதி அடிக்க வரும். எங்களுடையதே இல்லை என்று சொன்னால் எல்லாரும் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

"சரி, எந்த ஊரும் இல்லைன்னா யாரைக் கேப்பாங்க?"

"அங்கதான்க்கா இருக்கு விஷயம். உள்ளாட்சி இருந்தா அதோட சம்மதம் இல்லாம ஒரு மண்வெட்டி போடக்கூடாதாம். உள்ளாட்சியே இல்லாத இடம்னா யாரையும் கேக்க வேண்டியதில்லையாம்."

"நான் ஒருத்தி இங்க குடியிருக்கேனே, என்னைக் கேக்க வேண்டாமா?"

"உன்னைத்தான் முதல்ல கேட்டாராமே. ரெண்டுமே இல்லைன்னு நீதானே சொன்ன."

நாய்க்காரம்மா முகத்தில் ஈயாடவில்லை.

அவள் மேற்கு ஊர் நகராட்சிக் கூட்டத்துக்குப் போனாள். வாழ்நாளில் முதல் தடவை. கடைசி வரிசையில், தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேலே மின்விசிறி கடகடவென்று ஆடியது; அது விழுந்தால் எந்த உறுப்பினர் தலையில் விழும் என்று பார்த்துக்கொண்டிருந்ததில் கொஞ்சம் தைரியம் வந்தது. பொதுமக்கள் பேசலாம் என்றபோது எழுந்தாள். எழுந்ததும் பாதி வார்த்தை மறந்துவிட்டது.

"குவாரி… எங்களையும் கேக்கச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள்.

தலைவர் அவளைப் பார்த்ததும் சிரித்தார். "அடடே, நாய்க்காரம்மாவா! நம்ம பையன் வெள்ளிக்கிழமை வருவான், அவனைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க. ஆனா இந்த விஷயத்துல நான் என்ன செய்ய? நீங்க கிழக்கு ஊர்க்காரங்கன்னு எங்க ஆய்வாளர்கிட்ட நீங்களே எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க!"

ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஆய்வாளர் பலமாகத் தலையாட்டினார். மின்விசிறி அவருக்கு நேர்மேலே இருந்தது.

கிழக்கு ஊரில் இன்னும் சீக்கிரம் முடிந்தது. அவள் வாயைத் திறந்ததுமே தலைவி, "கை தூக்கிட்டுப் பேசணும்" என்றார். தூக்கினாள். "சொல்லுங்க." சொன்னாள். "நீங்க மேற்கு ஊர்ன்னு எங்க பதிவு சொல்லுது. நீங்க சொன்னதுதான் பதிவாயிருக்கு. உட்காருங்க." உட்கார்ந்தாள்.

திரும்பி நடக்கும்போது அவளுக்கு நன்றாகவே புரிந்தது. ஊர் இல்லாமல் இருந்ததால்தான் இத்தனை வருஷம் நாய்கள் இருந்தன. ஊர் இல்லாததால்தான் இனி அவை இருக்காது. ஏதாவது ஓர் ஊரில் சேர்ந்துகொண்டால் அவளைக் கேட்பார்கள். கேட்டுவிட்டு, நாலு நாய்க்குமேல் கூடாது என்பார்கள். நாலு நாயை வைத்துக்கொண்டு அவள் அரை வயிறுதான் சாப்பிட முடியும். ஆனால் வேலி வந்தால் அந்த அரை வயிறும் இல்லை.

அடுத்த வாரம் அதிகாரி பாறையில் சிவப்புச் சாயத்தால் குறி போட வந்தார். அவள் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். கோபமாகக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துப் போனவள்தான். ஆனால் அவருடைய பூட்ஸ் மேல் கொட்டகை நாய் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அது யார் பக்கமும் போகாத நாய்.

"உங்களுக்கு வேற இடமே கிடைக்கலீங்களா?" என்றாள்.

"எங்கே போனாலும் நல்ல திட்டம், ஆனா பக்கத்து ஊர்ல வைங்கன்னுதாம்மா சொல்றாங்க. கரண்ட் மட்டும் எல்லாருக்கும் வேணும். எல்லாருமே வேண்டாம்னா இதை நான் எங்கே கொண்டுபோய் வைக்கிறது?"

அவள் பிழைப்பும் அதேதானே! வீட்டில் வைத்துக்கொள்ள முடியாததை ஊர் கொண்டுவந்து அவளிடம் விட்டுவிட்டுப் போகிறது. நாய் என்றால் திரும்பி வந்து கூட்டிக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

"இது ஒரு ஊரா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"படிக்குப் படி கேட்டிருப்பேன். துளை போடட்டுமான்னு கேக்கணும். போட்ட பிறகு மேல போகட்டுமான்னு கேக்கணும். எந்தப் படியில வேண்டாம்னாலும் நிறுத்தணும்." தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "உண்மையைச் சொன்னா எனக்கும் ஒரு ஊர் இருந்தா நல்லதும்மா. கேக்க ஆளில்லாத இடத்துல தோண்டினான்னு பின்னாடி என்னைத்தான் திட்டுவாங்க" என்றார்.

நாய்க்காரம்மா அன்றைக்கு முழுக்க அதையே நினைத்துக்கொண்டு தட்டுக் கழுவினாள். அவளுக்கு மேடையில் பேச வராது. பார்க்க வரும், பார்த்ததை இரண்டு வார்த்தையில் சொல்ல வரும். அது போதுமா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மேற்குத் தலைவர் நாயைக் கூட்டிப்போக வந்தார்.

"எப்படி இருந்தான் நம்ம பையன்?"

"நல்லா இருந்தாருங்க. முதல் நாள் மட்டும் கட்டிலுக்கடியிலேயே சாப்பிட்டாரு." கயிற்றைக் கையில் கொடுத்துக்கொண்டே, "கிழக்குத் தலைவியம்மா வந்திருந்தாங்க" என்றாள்.

"அவங்க எதுக்கு வந்தாங்க?"

"நாயை விடத்தான். ஆனா விட்டுட்டு உடனே போகல. ரோட்டுல நின்னு அந்தக் கல்லையே ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தாங்க."

"எந்தக் கல்லை?"

"உங்க ஊர்க் கல்லைத்தாங்க."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. உள்ளே நாய் அழுது ஓயும்வரை தலைவி ரோட்டில் காத்து நின்றார். நிற்கிறவர் எதையாவது பார்க்கத்தானே வேண்டும்?

"குவாரி எந்த ஊரோ அந்த ஊர்தான் எல்லா முடிவும் எடுக்குமாமே, அதிகாரி சொன்னாரு. படிக்குப் படி அவங்ககிட்ட வந்து நிப்பாங்களாம். எனக்கென்னங்க தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கதவின் பாதி மறைவுக்குப் போய்விட்டாள்.

தலைவர் காரில் ஏறவில்லை. நாயை இழுத்துக்கொண்டு கல்வரைக்கும் நடந்தார். திரும்பி வந்தார். மறுபடியும் நடந்தார், இந்த முறை அடி வைத்து அளப்பதுபோல.

இரண்டு நாள் கழித்துத் தலைவி தன் நாயைக் கூட்டிப்போக வந்தபோது, "மேற்குத் தலைவர் வந்தாருங்க. இந்த ரோட்டை அடி அடியா அளந்துட்டுப் போனாரு" என்று மட்டும் சொன்னாள். தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அந்த வாரத்திலேயே மேற்கு ஊரிலிருந்து ஆள் வந்து அவள் வாசலுக்கு இடப்பக்கம் ஒரு விளக்குக் கம்பம் நட்டார்கள். வருஷக்கணக்காக யாருமே போடாத விளக்கு. மறுநாள் கிழக்கு ஊரிலிருந்து வந்து வலப்பக்கம் ஒன்று நட்டார்கள். இரண்டு விளக்கும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு எரிந்தன. நாய்களுக்கெல்லாம் ஆளுக்கு இரண்டு நிழல் விழுந்தது. எந்த நிழலைப் பார்த்துக் குரைப்பது என்று தெரியாமல் இரண்டையும் பார்த்துக் குரைத்தன. காலையில் இரண்டு ஊர்ப் பணியாளர்களும் துடைப்பத்தோடு வந்து அவள் வாசலில் சந்தித்துக்கொண்டார்கள்.

"நீங்கதான் அந்தப் பக்கத்து ஆளா?"

"ஆமா. நீங்களும் கல்லைத் தூக்கினீங்களா?"

"நான் ரெண்டே தடவைதான். எனக்கு முன்னாடி இருந்தவர்தான் நிறையத் தூக்கியிருக்காரு."

இருவரும் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். பிறகு சாலையை யார் எதுவரைக்கும் பெருக்குவது என்று பேச ஆரம்பித்து, மத்தியானம்வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். "முன்னாடி ஒரு ஊரும் இல்லைன்னாங்க. இப்ப ரெண்டு ஊரும் எங்களுதுங்கிறாங்க. நான் யாரும்மா கேக்கிறது?"

"ரெண்டு பேரையும் உட்கார வெச்சுக் கேளுங்க."

எங்கே உட்கார வைப்பது என்பதில்தான் ஒரு மாதம் போயிற்று. மேற்குத் தலைவர் கிழக்கு ஊர் மன்றத்துக்கு வர மாட்டார். தலைவி மேற்கு ஊர் மன்றத்தின் படி ஏற மாட்டார். கடைசியில் இரண்டு பேரும் தங்கள் ஊர் என்று சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரே இடம் நாய்க்காரம்மாவின் முன்னறை என்று முடிவாயிற்று.

அவள் நாய்களை எல்லாம் கொட்டகையில் அடைத்தாள், தலைவர்களுடைய இரண்டைத் தவிர. அவை வீட்டுக்காரரைப் பார்த்த பிறகு போக மாட்டேன் என்றன. தலைவியின் நாய் நடு அறையில் உட்கார்ந்தது. தலைவரின் நாய் அதைப் பார்த்ததும் தலைவரின் நாற்காலிக்கடியில் புகுந்தது. நாற்காலியே ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. உறுப்பினர்களும் இரண்டு சுகாதார ஆய்வாளர்களும் சுவரோரம் நின்றார்கள். தம்பி கதவோரம் நின்றான்.

"குவாரி எங்களுது. விளக்கு போட்டிருக்கோம்" என்றார் தலைவர், சாய்ந்த நாற்காலியில்.

"விளக்கு நாங்களும் போட்டிருக்கோம். உங்களது ராத்திரியில அணைஞ்சு அணைஞ்சு எரியுது" என்றார் தலைவி.

"நீங்கதான் முதல்ல எங்களுது இல்லைன்னு தீர்மானம் போட்டீங்க."

"உங்களைப் பார்த்துதான் போட்டோம்."

"காப்பி அடிச்சீங்களா? நீங்க ஹெட்மிஸ்ட்ரஸ் ஆச்சே!"

உறுப்பினர்கள் சிரித்தார்கள், கிழக்கு ஊரார் உட்பட. தலைவி பார்த்த பார்வையில் சிரிப்பு அடங்கியது.

அதிகாரி எழுந்து, கல் இரண்டும் முதலில் எங்கே இருந்தன என்று தெரிந்தால் நல்லது என்றார். யாருக்கும் தெரியவில்லை. வெளியே நின்ற பணியாளர்களைக் கூப்பிட்டார்கள். இருவரும் கொஞ்ச நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் இவர் ஒரு பக்கம் கை காட்ட, அவர் இல்லை இந்தப் பக்கம் என்று காட்ட, கடைசியில் இருவரும் ஒத்துக்கொண்ட இடத்திலிருந்து சாலைக்குக் குறுக்காகக் கோடு இழுத்தால், அது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவிலிருந்த சுவர்தான் எல்லை. வீடு கட்டியபோது கல்லை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அப்போது கல் அங்கே இருந்திருக்காது. அதே கோட்டை நீட்டினால் குவாரியும் பாதி பாதியாகப் பிரியும்.

"அப்படின்னா ரெண்டு ஊரும் சரின்னாத்தான் துளை போடலாம். ஒரு ஊர் வேண்டாம்னாலும் நிறுத்தணும்" என்றார் அதிகாரி. அவர் குரலில் வருத்தமும் நிம்மதியும் சம அளவில் இருந்தன.

தலைவர்கள் இரண்டு பேருக்கும் இது பிடித்துவிட்டது. வேண்டாம் என்றால் அடுத்த ஊர் மேல் பழி போடலாம். வேண்டும் என்றாலும் அப்படியே.

எல்லாரும் எழுந்திருக்கப் போகும்போது நாய்க்காரம்மா சமையலறை வாசலில் நின்று கையைத் தூக்கினாள். தலைவி, "சொல்லுங்க" என்றார்.

"என்னையும் கேக்கணும்."

"அதான் ரெண்டு நகராட்சி இருக்கே" என்றார் தலைவர்.

"ரெண்டு நகராட்சியும் இல்லைன்னு சொன்னப்ப நான் மட்டும்தாங்க இங்க இருந்தேன்." இவ்வளவு நீளமாக அவள் சபையில் பேசியதில்லை. முகம் சிவந்துவிட்டது. "நானும் ஊர் இல்லைன்னு சொன்னவதான். இல்லைங்கல. இனிமே சொல்ல மாட்டேன். ஒவ்வொரு படியிலயும் குடியிருக்கிறவங்களையும் கேக்கணும்னு எழுதிடுங்க."

ஓட்டுக்கு விடலாம் என்றார் அதிகாரி. தம்பி இடமும் வலமும் பார்த்தான். ஒரு கையும் மேலே இல்லை. எல்லாரும் அவனைத்தான் பார்க்கப்போகிறார்கள் என்று நன்றாகத் தெரிந்தும் கையைத் தூக்கினான். தூக்கிய கையை இறக்கவில்லை. பிறகு அவனுக்குப் பக்கத்திலிருந்தவர் தூக்கினார். கிழக்கு ஊர்க்காரர் ஒருவர், மேற்கு ஊரே தூக்குகிறதே என்று தூக்கினார். அப்புறம் எல்லாரும் தூக்கிவிட்டார்கள்.

"சரி, எழுதியாச்சு. இனிமே நீங்க ரெண்டு ஊருக்கும் சேர்ந்தவங்கதான்" என்றார் தலைவர். அந்த வார்த்தையைச் சொல்லி முடித்ததும் சுகாதார ஆய்வாளர்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இருமினார்கள்.

"நாலு நாய்" என்றார் மேற்கு ஆய்வாளர்.

"எங்க விதியிலயும் நாலுதான்" என்றார் கிழக்கு ஆய்வாளர்.

நாய்க்காரம்மா சுவரைப் பார்த்தாள். தலைவியும் சுவரைப் பார்த்தார். பள்ளிக்கூடம் நடத்தியவருக்குக் கணக்கு வராமல் போகுமா?

"முன்னறை அவங்க ஊர். அதுல நாலு. சமையலறை எங்க ஊர். அதுல நாலு. விதி மீறல் எங்கே இருக்கு?" என்றார் தலைவி.

"கொட்டகையில இருக்கிறது?" என்று கேட்டார் மேற்கு ஆய்வாளர்.

"அது குவாரிக் கொட்டகை. ஆணையத்துப் பொறுப்பு" என்றார் தலைவர்.

அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்து, தன் பூட்ஸைக் குனிந்து பார்த்துவிட்டு, கொட்டகையில் நாய் வைக்க ஆணையத்து விதியில் இடமில்லை என்று வருத்தத்தோடு சொன்னார். நாய்க்காரம்மா அதற்குமேல் கேட்கவில்லை.

தம்பிக்கு மட்டும் ஒரு குறை. கட்டில் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் ஓட்டு என்றார்கள். அவளுடைய கட்டில் சமையலறையை ஒட்டி, கிழக்கு ஊரில் கிடந்தது. "கட்டிலை இந்தப் பக்கம் இழுத்துப் போடுக்கா, தம்பிக்கு ஒரு ஓட்டு கூடும்" என்று கெஞ்சிப் பார்த்தான். முன்னறையில் பெரிய நாய்கள் குறட்டை விடும் என்று சொல்லிவிட்டாள்.

இன்றைய நிலைமை இதுதான். குவாரியில் ஒரு துளைகூடப் போடவில்லை. துளை போடச் சம்மதமா என்று ஆணையம் முறைப்படி கேட்டிருக்கிறது. மேற்கு ஊர் இப்போதைக்கு வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறது. கிழக்கு ஊர் யோசிக்க அவகாசம் கேட்டிருக்கிறது. நாய்க்காரம்மாவையும் கேட்டார்கள். இதுபோல ஏற்கெனவே வைத்து மூடிய இடம் ஒன்றைக் கண்ணால் பார்த்து, அதன் பக்கத்தில் குடியிருப்பவர்களோடு பேசாமல் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அழைத்துப்போவதாக அதிகாரி ஒத்துக்கொண்டிருக்கிறார்; தேதி இன்னும் வரவில்லை. அவள் பதில் சொல்லும்வரை இயந்திரம் வரக்கூடாது. வீட்டில் எட்டு நாய்கள் இருக்கின்றன.